யாரும் கை வைக்காத மீன்தொட்டி

1

இது ஒரு செய்முறைக் கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் கல்லூரித் தமிழ்க் கழக ஆண்டு மலரின் ஆசிரியர் காமினி, சென்ற ஆண்டு நான் சிற்றுண்டிச்சாலை மீகோரேங் நூடுல்ஸுக்கு எழுதிய இரங்கற்பாவால் கிளம்பிய தொல்லைகளை இன்னும் மறக்கவில்லை. "இந்த வருஷம் பயனுள்ளதா எதாச்சும் எழுது. யாரையும் கிண்டல் பண்ணாத" என்று சொல்லிவிட்டாள்.

பயனுள்ளது என்று நான் வாழ்க்கையில் செய்தது ஒன்றே ஒன்றுதான். மீன்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாகவே நிரப்பிக்கொள்ளும் கருவி. அதை எப்படிச் செய்வது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'தேவையான பொருள்கள்' என்று தலைப்புப் போட்டு மிதவை சுவிட்ச், சின்ன பம்ப், மூடி போட்ட வாளி, ரப்பர் குழாய் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். அடுத்த வரியில் 'கூச்சிங்கில் வேலை கிடைத்த அக்கா ஒருத்தி' என்று கை எழுதிவிட்டது. அது இல்லாமல் இந்தக் கருவி இல்லை. அதோடு சேர்த்தால் இது கட்டுரை இல்லை.

(காமினிக்கு: மன்னிக்கவும். செய்முறை உள்ளேதான் இருக்கிறது. பயனுள்ள வரிகளின் கீழ் நீயே கோடு போட்டுக்கொள்.)

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "பினாங்குத் தீவைச் சுற்றிலும் கடல். அந்தக் கடலின் ஒரு சிறு துளி எங்கள் வீட்டு வரவேற்பறையில்—"

முடிக்கவில்லை. சுற்றுலாத் துறையே எழுதிக் கொடுத்தது போல் இருந்தது.

இரண்டாவது வரைவு: "பிரமிளாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மீன்கள் மீது ஒரு தீராத—"

இதையும் முடிக்கவில்லை. அக்கா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பிரமிளா?"

"நீதான். பேர மாத்திருக்கேன். கதையில அப்படித்தான் செய்வாங்க."

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்து மீன் மேல ஆசைன்னு யாருடா சொன்னா? ஃபேக்டரியில ஒருத்தர் வீடு மாத்திப் போறப்ப தொட்டிய என் தலையில கட்டிட்டுப் போனாரு. வேணாம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ்ளோதான்."

"கதை லா, அக்கா. உள்ள ஒரு ஆசை இருக்கணும்."

"ஆசை வேணும்னா நீ வச்சுக்க. என் பேரு லோகேஸ்வரி. அதப் போடு."

போட்டுவிட்டேன். லோகேஸ்வரி, என் அக்கா, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். அதாவது, மற்றவர்கள் செய்து வைத்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள். வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்கிறாள்.

மூன்றாவது வரைவைத்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இனி எனக்கும் பின்வாங்க இடமில்லை, உங்களுக்கும் இல்லை.

3

எங்கள் வீடு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறது. வரவேற்பறையில் தொலைக்காட்சி இருக்க வேண்டிய இடத்தில் தொட்டி. உள்ளே கடல்நீர், இரண்டு கோமாளி மீன்கள், வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு இறால் ஒன்று. பெரிய மீனை அப்பா 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்.*

(* இந்த இனத்தில் பெரியது பெண். அக்கா பல முறை சொல்லிவிட்டாள். அப்பா மாற்றவில்லை. மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்.)

கடல்நீர்த் தொட்டியில் ஒரு சங்கடம் உண்டு. வெக்கையில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. அன்றாடம் கொஞ்சம் தண்ணீர் காணாமல் போகும், மிஞ்சிய தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கரிக்கும். அதனால் போன அளவுக்கு நல்ல தண்ணீரை அன்றாடம் ஊற்ற வேண்டும். கம்மியாக ஊற்றினால் உப்பு ஏறும். அதிகமாக ஊற்றினால் உப்பு இறங்கும். மீன்கள் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இறால் பொறுக்காது.

பள்ளி வேன் ஓட்டும் அப்பாவுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. "சுத்தி கடலு. ஒரு வாளி மொண்டுக்கிட்டு வந்தா முடிஞ்சிச்சு. இவ என்னான்னா குடிக்கிற தண்ணியப் புடிச்சி கடலுக்கு ஊத்துறா" என்பார். கடல்நீரை ஊற்றினால் உப்பின் மேல் உப்புச் சேரும் என்று அக்கா சொல்வாள். அப்பா பேப்பரைத் திருப்புவார்.

இப்படி இருக்கும்போதுதான் கூச்சிங் வந்தது. அங்கே புதிதாகத் திறக்கும் ஒரு தொழிற்சாலையில், இப்போது இருப்பதைவிடப் பெரிய பதவி. கூச்சிங் என்றால் பேருந்து ஏறி வார இறுதியில் வந்து போகிற ஊர் இல்லை. நடுவில் கடல். விமானத்தில்தான் போக வேண்டும்.

சாப்பிடும்போது அக்கா விஷயத்தைச் சொன்னாள். பிறகு அவளே, "நான் போயிட்டா தொட்டிக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்றாள்.

"அதானே!" என்றார் அம்மா. இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பது போல.

கவனியுங்கள். 'நான் ஊத்துறேன்' என்ற இரண்டு சொற்களை அந்த மேசையில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அப்பா விடிவதற்குள் வேன் எடுக்கப் போய்விடுவார் என்பதோ, அம்மா லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவார் என்பதோ, நான் நான்தான் என்பதோ, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவதற்குத் தடையில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வசனம் பேசப்படவில்லை. பேசப்பட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. ஒரு எழுத்தாளனாக என் குடும்பத்துக்கு நன்றி சொல்கிறேன்.

எனக்கு மட்டும் ஒரு சொந்த நலன் இருந்தது. வீட்டில் ஏசி இருப்பது அக்காவின் அறையில் மட்டும்தான்.

"தானா தண்ணி ஊத்துற மாதிரி நான் ஒண்ணு செஞ்சு குடுத்துடுறேன்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். குறை இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை. பிறகு, "சரி. செய். ஒரு வாரம் ஓட்டிப் பாப்போம். அந்த வாரம் முழுக்க யாரும் தொட்டியில கை வைக்கக் கூடாது. அது தானா ஓடி, உப்பு சரியா இருந்துச்சுன்னா, நான் கூச்சிங்குக்கு வரேன்னு சொல்லிடுறேன்" என்றாள்.

"இல்லன்னா?" என்றார் அம்மா.

"இல்லன்னா இல்ல."

ஆக, ஒரு பெண் கடல் தாண்டிப் போவதா வேண்டாமா என்பது, இயற்பியலில் C வாங்கிய ஒருவனின் கையில் வந்து நின்றது.

4

(இந்தப் பகுதியில்தான் பயன் இருக்கிறது. மற்றதைத் தாண்டிவிட்டு இதை மட்டும் படிக்கலாம்.)

கருவியின் தத்துவம் எளிது. தொட்டியின் தண்ணீர் மட்டத்தில் ஒரு சின்ன மிதவை. தண்ணீர் குறைந்தால் மிதவை கீழே இறங்கும், இறங்கினால் சுவிட்ச் போடும், வாளியில் கிடக்கும் பம்ப் ஓடி நல்ல தண்ணீரை மேலே தள்ளும். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறும், பம்ப் நிற்கும்.

மிதவைக்காகச் சூலியா தெருவில் கமால் அண்ணனின் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன்.

"அண்ணே, மிதவை சுவிட்ச் இருக்கா? தண்ணி கொறஞ்சா ஆன் ஆவணும், ஏறுனா ஆஃப் ஆவணும்."

"தண்டாஸுக்கா தம்பி?" கழிப்பறைக்கு மலாயில் அதுதான் பெயர்.

"இல்லண்ணே, மீனுக்கு."

"மீனுக்கு எதுக்கு தண்டாஸ்?"

விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய், தேங்காய் அளவில் ஒரு கக்கூஸ் மிதவையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இதுல பாதிகூட வேணாம்ணே. கட்டை விரல் அளவு போதும்."

"அந்த அளவுக்குத் தண்டாஸே கெடையாது லா." மறுபடி உள்ளே போய் எதையெதையோ உருட்டினார். கடைசியில் ஏதோ தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்துக்கான உதிரிப் பாகம் ஒன்று வந்தது. கட்டை விரல் அளவேதான். "ஏன் தம்பி இவ்ளோ பாடு? காலையில ஒரு கப் ஊத்துனா ஆச்சு."

"ஊத்துற அக்கா கூச்சிங்குக்குப் போறாங்கண்ணே."

"அப்ப நீ ஊத்து."

பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் கருவி எப்போது செய்வது?

முதல் சோதனையைத் தொட்டியில் செய்யவில்லை. கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து, வாளியைப் பார்வைக்குத் தெரியாமல் அலமாரியின் மேல் ஏற்றிவைத்தேன். பம்ப் ஓடியது. தண்ணீர் ஏறியது. மிதவை ஏறியது. பம்ப் நின்றது. நான் அறைக்குள் போய் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

தண்ணீர் நிற்கவில்லை. குழாய் ஒருமுறை நிரம்பிவிட்டால், மேலே இருக்கும் வாளியிலிருந்து கீழே இருக்கும் தொட்டிக்குப் பம்ப் இல்லாமலேயே தண்ணீர் வந்துகொண்டே இருக்குமாம். கீழ்வீட்டு ரொஸ்னா அக்கா கதவைத் தட்டி, மேலே மழையா என்று மலாயில் மிகவும் மரியாதையாகக் கேட்டபோதுதான் எனக்கு இது தெரிந்தது.

(கோடு போடு, காமினி: வாளி தொட்டியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். குழாயின் நுனி தண்ணீரைத் தொடக் கூடாது. கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே நல்ல பெயர் எடுத்திருக்க வேண்டும்.)

வாளியைத் தரைக்கு இறக்கினேன். குழாயை உயர்த்திக் கட்டினேன். இம்முறை எல்லாம் நின்ற இடத்தில் நின்றது. அக்கா குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ம்" என்றாள். அவள் தொழிலில் அது பதக்கம்.

5

ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். உப்பு அளக்க அக்காவிடம் குட்டித் தொலைநோக்கி போல ஒன்று இருக்கிறது. அதன் முனையில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். பார்த்தாள், சரியாக இருந்தது. "அடுத்த ஞாயிறு வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. மூடியத் தொறக்கவும் கூடாது" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு விஷயத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டியது கிடையாது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இந்த வாரத்தில்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். இதில் எனக்குச் சங்கடமாக இருந்த பாத்திரங்கள் அப்பாவும் அம்மாவும். அப்பாவுக்கு வசனமே இல்லை. வருகிறார், செருப்பைக் கழற்றுகிறார், பேப்பருக்குள் போகிறார். 'அப்பா பேப்பரைத் திருப்பினார்' என்ற வாக்கியத்தை வரைவில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று பார்த்துவிட்டு, அவரை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கதைக்குள் ஒரு வேலையும் செய்யாத ஆள் எதற்கு? அம்மாவை 'அதானே' சொல்வதற்கு வைத்திருந்தேன். அந்த வேலையைக் கிளியே செய்யும்.

இதற்கிடையே கருவியில் ஒரு மர்மம். வாளியில் தண்ணீர் குறையவே இல்லை. நாள்கள் போயின. வாளியின் ஓரத்தில் பென்சிலால் போட்ட கோட்டிலேயே தண்ணீர் நின்றது. பம்ப் ஒருமுறைகூட ஓடவில்லை. ஆனால் தொட்டியும் குறைந்தது போல் தெரியவில்லை.

(ஒரு விளக்கம்: எங்கள் தொட்டியின் முன்பக்கம் எப்போதும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். ஏற்ற இறக்கமெல்லாம் பின்னால், கறுப்புக் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் சின்ன அறையில்தான் தெரியும். மிதவையும் அங்கேதான். அதைப் பார்க்க மூடியைத் திறக்க வேண்டும். திறக்கக் கூடாது என்ற விதி எனக்கும் உண்டு. செய்தவன் என்பதால் எனக்குத்தான் முதலில் உண்டு.)

இதற்கு இரண்டு காரணங்களே இருக்க முடியும். ஒன்று, நான் செய்தது ஓடவில்லை. இரண்டு, ஜெலுத்தோங்கில் தண்ணீர் ஆவியாவதை நிறுத்திவிட்டது. நான் இரண்டாவதை நம்ப முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை வாக்கில் அக்காவும் வாளியைப் பார்த்தாள். குறையைப் பார்த்தும் அக்கா வாயைத் திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

6

இன்று ஞாயிறு. காலையில் பசியாறிவிட்டு எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். இறால் கல்லுக்கு அடியில் போய் மீசையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"உப்பு எறங்கிருக்கு."

"ஏறிருக்குன்னுதானே சொல்லுவ?" என்றேன். "பம்ப் ஓடலியே."

"அதான் சொல்றேன். தண்ணி ஆவியாயிப் போயி, பம்பும் ஓடலன்னா, உப்பு ஏறிருக்கணும். எறங்கிருக்குன்னா ஒண்ணுதான் அர்த்தம். யாரோ ஊத்திருக்காங்க. போன தண்ணிக்கு மேலயே ஊத்திருக்காங்க. பின்னால பாரு, மிதவை முங்கிக் கெடக்கு. தண்ணி கொறஞ்சாதான மெஷின் ஓடும்?"

என் கருவி பழுதாகவில்லை! அதற்கு வேலையே தரப்படவில்லை! என் மகிழ்ச்சி நீடிப்பதற்குள் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய் குகா..."

"நான் இல்ல!"

பேப்பருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரு கப்புதான்."

"அப்பா!"

"காலையில வேன் எடுக்கப் போறப்ப. தெனம் ஒரு கப்பு. வடிகட்டுன தண்ணிதான்."

"ஏம்பா? கை வைக்கக் கூடாதுன்னுதான சொன்னேன்?"

அப்பா பேப்பரை மடித்தார். திருப்பவில்லை, மடித்தார். "இவன் செஞ்ச மெஷின நம்பச் சொல்றியா? ரொஸ்னா வீட்டுல மழ பேஞ்சத நான் பாக்கல? இது ஓடாம போயி, தண்ணி கொறஞ்சி, அதச் சாக்கா வச்சி நீ போகாம உக்காந்துட்டீன்னா? அதான் ஊத்துனேன். நீ போகணும். இங்கேயே இருந்து என்னா செய்யப் போற? போயிப் பாரு."

அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் எழுதியதில்லை. எடுத்துவிடலாமா என்று யோசித்த ஆள் இவர்தான்.

"நீங்களுமா?" என்று சமையலறை வாசலில் இருந்து அம்மா கேட்டார்.

எல்லோரும் திரும்பினோம்.

"என்னாம்மா 'நீங்களுமா'?"

"சாயங்காலம் கடையிலேர்ந்து வந்து, வெளக்கேத்திட்டு, ஒரு டம்ளர் ஊத்துவேன். பாவம், நாள் முச்சூடும் உப்புத் தண்ணியிலயே கெடக்குது. அதுங்களுக்குத் தாகமா இருக்காதா?"*

(* சிரித்துவிட்டுப் போய்த் தேடிப் படித்தேன். கடல் மீன்களுக்கு உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்ட அவை குடித்துக்கொண்டே இருக்குமாம். அம்மாவின் உயிரியல் சரி. பொறியியல்தான் தவறு.)

அக்கா கண்ணை மூடி மனக்கணக்குப் போட்டாள். "அப்பா ஒரு கப்பு, அம்மா ஒரு டம்ளர். ரெண்டும் சேந்தா நான் வழக்கமா ஊத்துற அளவு. அது ஆவியா போறதுக்குச் சரியா போயிரும். உப்பு எறங்காது."

"அப்ப வேற யாரு?" என்றார் அப்பா.

இப்போது எல்லோருமாக என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். "சத்தியமா இல்ல லா. நான் தண்ணி ஊத்துற ஆளா இருந்தா எதுக்கு மெஷின் செய்யப் போறேன்?"

இந்த வாதத்தின் வலிமை எல்லோருக்கும் புரிந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான்தான்" என்றாள். "திங்கக் கெழம காலையில பல்லு வெளக்கிட்டு வந்தேன். தூக்கக் கலக்கம். கை பாட்டுக்கு ஊத்திடுச்சு. ஊத்துனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

"ஒரு நாளைக்கு உப்பு இவ்ளோ எறங்குமா?" என்றேன்.

"மறுநாளும் ஊத்துனேன்."

"அன்னிக்கும் தூக்கக் கலக்கமா?"

"இல்ல."

அம்மா அருகில் போய் நின்றார். "ஏம்மா, ஏன் நிறுத்தல?"

"தெரியலம்மா" என்றாள் அக்கா.

7

இந்த இடத்தில், அவள் ஏன் நிறுத்தவில்லை என்று சொல்ல வேண்டியது என் கடமை. எழுத்தாளன் என்றால் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏனென்றால், அவள் மனத்தின் ஆழத்தில்—"

விட்டுவிட்டேன். அவள் மனத்தின் ஆழத்துக்கு நான் போனதில்லை. அறைக்குள் போவதற்கே கதவைத் தட்டச் சொல்வாள்.

"சோதனை தோற்க வேண்டும் என்று அவள் விரும்பினாள்." இருக்கலாம். ஆனால் அவள் ஊற்றியதால் தண்ணீர் குறையவில்லை. குறையாத தொட்டியைப் பார்த்து யாரும் தோல்வி என்று சொல்லமாட்டார்கள்.

"சோதனை வெல்ல வேண்டும் என்று விரும்பினாள்." இருக்கலாம். ஆனால் தான் ஊற்றினால் பம்ப் ஓடவே ஓடாது என்று அவளுக்குத் தெரியும்.

அவளிடமே கேட்டேன். "கதையில என்னான்னு போடறது?"

"தூக்கக் கலக்கம்னு போடு."

"படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க."

"அப்ப அவங்க காலையில வேலைக்குப் போனதில்ல."

சரி, முடிவுக்கு வருவோம். காமினி வாட்ஸ்அப்பில் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டாள். மலர் நாளை அச்சுக்குப் போகிறது. அவளுக்குச் சில முடிவுகளை அனுப்பிவைத்தேன்.

முதலாவது: அக்கா போகிறாள். கருவி ஓடுகிறது. நான் ஏசியில் படுத்திருக்கிறேன். அவள் வீடியோவில் அழைத்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் தொட்டியைக் காட்டச் சொல்கிறாள். எல்லோரும் சிரிக்கிறோம், அம்மா மட்டும் கண்ணைத் துடைக்கிறார். காமினிக்குப் பிடித்திருந்தது. எனக்கு, பின்னணியில் தபேலா வாசித்தால் தீபாவளி விளம்பரமாகிவிடும் போலிருந்தது.

இரண்டாவது: அக்கா போகவில்லை. எல்லோரும் பழையபடி இருக்கிறோம். தொட்டிக்கு அவளே தண்ணீர் ஊற்றுகிறாள். இதில் தவறாக எதுவும் நடக்கவில்லை. அதனாலேயே என்னால் இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

மூன்றாவது: மிதவை சிக்கிக்கொள்கிறது. பம்ப் நிற்காமல் ஓடுகிறது. வெள்ளம் ஏறி, வீட்டைத் தூக்கி, ஜெலுத்தோங் கடற்கரை வழியாக மிதக்கவைத்து, எங்கள் எல்லோரையும், மீன்களையும், இறாலையும், தவிர்க்க முடியாமல் ரொஸ்னா அக்காவையும் கூச்சிங் துறைமுகத்தில் இறக்கிவிடுகிறது. எனக்கு ஆகப் பிடித்த முடிவு இது. காமினி ஒரே ஒரு கேள்விக்குறி அனுப்பியிருக்கிறாள்.

8

அதனால் நடந்துகொண்டிருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

கூடுதலாக இருந்த தண்ணீரை அக்கா மொண்டு வெளியேற்றினாள். உப்பு கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சரிசெய்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறால் வெளியே வந்தது. தண்ணீர் இப்போது மிதவை சுவிட்ச் போடும் மட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. இன்னும் சற்றுக் குறைந்தால் மிதவை இறங்கும், பம்ப் ஓடும்.

"இன்னொரு வாரம் பாக்க டைம் இல்ல" என்றாள் அக்கா. "இன்னிக்கு நான் பதில் அனுப்பியாவணும். பொழுது சாஞ்சி பள்ளிவாசல்ல மக்ரிப் பாங்கு சொல்றதுக்குள்ள, யாரும் தொடாம, அது ஒரு தடவ தானா ஓடட்டும். ஓடுச்சுன்னா வரேன்னு அனுப்புறேன். ஓடலன்னா வரலன்னு அனுப்புறேன். ஆனா எல்லாரும் என் கண்ணு முன்னால உக்காரணும். கை மடியில இருக்கணும்."

ஆகவே உட்கார்ந்திருக்கிறோம். அக்கா, அப்பா, அம்மா, நான். ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுக்க உட்கார்ந்தவர்கள் போல, தண்ணீர் ஆவியாவதைப் பார்த்துக்கொண்டு. எழுதுகிறவன் என்பதால் என் கைக்கு மட்டும் விலக்கு. அக்காவின் மடியில் கைப்பேசி. அதில் எழுதி முடித்த இரண்டு பதில்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "என்னா புழுக்கம்" என்று எழுந்து போய்க் காத்தாடியை இரண்டிலிருந்து ஐந்துக்குத் திருப்பினார். தண்ணீரின் மேல் காற்றுப் பட்டால் சீக்கிரம் ஆவியாகும். ஆவியாதல் பற்றி ஒன்றுமே விளங்கவில்லை என்று சொல்லிவந்த மனிதர் இவர். தொட்டியின் தண்ணீர் சிலிர்த்தது.

அம்மா சற்று நேரம் பார்த்தார். எழுந்தார். ஒன்றுக்குக் குறைத்தார்.

"ஏன்?" என்றார் அப்பா.

"குளிருது."

ஜெலுத்தோங்கில், ஞாயிறு மதியத்தில், முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே அம்மா இதைச் சொன்னார்.

அப்பா மறுபடி எழுந்தார். நான்கு. அம்மா எழுந்தார். இரண்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தொட்டியில் யாரும் கை வைக்கவில்லை, அதுதானே விதி? காத்தாடியைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. இந்தக் குறையை அக்கா எப்போது கண்டுபிடிப்பாள் என்று நானும் காத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கம்பி பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள், தலைக்கு மேல் காத்தாடி ஓடுவதும் ஓய்வதுமாக இருக்க, மீன்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா கடைசியாக எழுந்துபோய் வந்து களைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் எழவில்லை. வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. காத்தாடியின் ரெகுலேட்டர் என் நாற்காலிக்கு நேர் பின்னால், சுவரில் இருக்கிறது.

"குகா" என்றாள் அக்கா, திரும்பாமல். "காத்தாடி எதுல இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். "மூணுல."

"ம்" என்றாள்.

கூட்டு என்றும் சொல்லவில்லை, குறை என்றும் சொல்லவில்லை.

காமினி மறுபடி அழைக்கிறாள். தெளிவாகப் பேச எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது வெளி நடைபாதையில் மட்டும்தான். நான் எழுந்து போக வேண்டும். நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, நீங்கள் வந்து உட்காருங்கள். அப்பா, அம்மா, அக்கா மூவரும் தொட்டியைத்தான் பார்க்கிறார்கள், யாரும் திரும்ப மாட்டார்கள். ரெகுலேட்டர் உங்களுக்குக் கை எட்டும் உயரம்தான். கூட்டினாலும் புழுக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள், குறைத்தாலும் குளிர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியே மூன்றில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன், அதுவும் ஒரு முடிவுதான் என்று தெரியும்வரை. அதனால்தான் எழுந்து போகிறேன்.